ஒவ்வொரு விளைபொருளுக்கும் ஒரு தவணை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் பயணம் செய்கிறவர், ஒரு முற்பகலுக்குள்ளாகவே தமிழ்நாட்டு விவசாயத்தின் ஏறக்குறைய எல்லாப் படிகளையும் கண்டுவிடலாம். சமவெளியில் நெல்லும் கரும்பும், மானாவாரிப் புஞ்சைகளில் மக்காச்சோளமும் உளுந்தும், மலையடிவாரத்திலும் சரிவுகளிலும் மரவள்ளியும், அவற்றுக்கும் மேலே, 1976ஆம் ஆண்டு வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த கல்வராயன் மலையில், மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்து வந்த சாமையும் தினையும் கேழ்வரகுமாக, வரிசை மாறாமல் அவை காட்சி தருகின்றன. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி தனி மாவட்டமான இந்தப் பிரதேசத்தில், விளைச்சலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மழை, விதை, உரம், நோய் என்று ஒவ்வொருவரும் ஒரு நாள் முழுவதும் பேசுவார்கள்; விலையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலோ இரண்டு நாள் பேசுவார்கள். ஆனால் விளைச்சலுக்கும் விலைக்கும் நடுவே, களத்திலும் திண்ணையிலும் வண்டிப் பாதையிலும் குதிரிலும் சாக்கிலும் நடைபெறுகிற காரியங்களைப் பற்றி, அங்கே உண்டாகும் சேதத்தைப் பற்றி, எவரும் அதிகமாகப் பேசுவதில்லை. தெரியாமல் அல்ல, அது விதியின் பாற்பட்டது என்ற எண்ணத்தினால்தான்.

அந்தச் சேதத்தின் அளவு இன்னதென்பது கணக்கிடப்பட்டே இருக்கிறது. மத்திய அரசாங்கத்துக்காக நபார்டு வங்கியின் ஆலோசனை நிறுவனம் நடத்தி 2022ஆம் ஆண்டில் அளித்த ஆய்வின்படி, நம் நாட்டில் தானியங்களில் நூற்றுக்கு 3.89 முதல் 5.92 வரையிலும், காய்கறிகளில் 4.87 முதல் 11.61 வரையிலும், பழங்களில் 6.02 முதல் 15.05 வரையிலும் அறுவடைக்குப் பின் வீணாகின்றன. ரூபாய்க் கணக்கில் சொன்னால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி. உலகம் முழுவதற்குமாக ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனம் 2019இல் சொன்ன கணக்கு, அறுவடைக்கும் கடைக்கும் இடையே நூற்றுக்குப் பதினான்கு. நூற்றுக்கு ஐந்து என்பது காதுக்கு அற்பமாகத்தான் படும். ஆனால் ஒரு புதிய நெல் ரகம் நூற்றுக்குப் பத்து அதிகமாக விளைந்தால் அதற்கு விழா எடுத்து, மந்திரியை அழைத்து, மாலை போட்டு வெளியிடுகிற நாம், அதில் பாதியளவு நெல் ஒவ்வோர் ஆண்டும் ஓசையின்றிக் கழிந்துபோவதைக் காரியமாகவே கருதாதிருப்பது விசித்திரம். அன்றியும் சராசரி என்பது பல துயரங்களைத் தனக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறது. நூறு பேருக்கு ஐந்து மூட்டை வீதம் அந்த நஷ்டம் சமமாக வருவதில்லை, மழையில் அகப்பட்ட ஒருவனுக்கு முழுவதுமாக வருகிறது.

இந்த விஷயத்தில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. பூமியிலிருந்து பிரிந்த கணத்திலிருந்து ஒவ்வொரு விளைபொருளுக்கும் இயற்கை ஒரு தவணையை நிர்ணயித்திருக்கிறது. கரும்புக்கு ஒரு நாள்; மரவள்ளிக் கிழங்குக்கு இரண்டு மூன்று நாள்; ஈர நெல்லுக்கு ஓர் இரவு போதும்; உமியோடு கூடிய சாமைக்கோ வருஷக் கணக்கு. அந்தத் தவணைக்குள் செய்ய வேண்டியதைச் செய்தவனுக்கு நஷ்டமில்லை. எனவே அறுவடைக்குப் பிந்திய விஞ்ஞானம் என்பது பெரும்பாலும் இந்தத் தவணையை நீட்டும் வித்தைதான். நீட்ட முடியாத இடத்தில், தவணைக்குள் போய்ச் சேரும்படி தூரத்தைக் குறைக்கும் வித்தை.

கரும்பின் விஷயத்தில் இதை நம்மவர்கள் நன்றாகவே உணர்ந்தார்கள். வெட்டிய கரும்பில் சர்க்கரை மணிக்கு மணி சிதைந்துகொண்டிருக்கும். தாமதித்தால் ஆலைக்குக் கிடைக்கும் சர்க்கரையின் விகிதம் குறையும். ஆகவே மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் கரும்புக் கொல்லைகளைத் தேடி வந்தன. பதிவு, வெட்டு உத்தரவு, வண்டி முறை என்று ஒரு கிரமமே ஏற்பட்டது. உத்தரவு தாமதமாகிக் கரும்பு கொல்லையிலேயே காய்ந்து எடை குறைவதும், பணப் பட்டுவாடா இழுபறியாவதும் வேறு கதை. ஆயினும் தாமதத்தின் நஷ்டம் ஆலையின் கணக்குப் புத்தகத்தில் ஏறிற்று என்பதனால்தான் அந்தக் கிரமம் பிறந்தது. மரவள்ளியின் தவணையும் ஏறக்குறைய அவ்வளவு குறுகியதுதான்; அங்கே தாமதத்தின் நஷ்டம் விவசாயியின் தலையில் ஏறுவதால், அதற்கென்று ஒரு கிரமத்தை ஏற்படுத்த யாருக்கும் அவசரமில்லாமற் போயிற்று.

மரவள்ளி இவ்வளவு விரைவில் கெடுவதற்குக் காரணம் அதன் பிறவியிலேயே இருக்கிறது. உருளைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் அடுத்த தலைமுறைக்கு முளைவிட வேண்டிய கடமையுள்ளவை. ஆதலால் பிடுங்கிய பின்னும் உயிரை அடக்கி வைத்துக்கொண்டு தூங்கும் சக்தி அவற்றுக்கு உண்டு. மரவள்ளியோ குச்சியிலிருந்து முளைப்பது. அதன் கிழங்கு வெறும் வேர், செடிக்கு உணவுப் பண்டாரம், அவ்வளவே. செடியிலிருந்து பிரித்த பிறகு உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் அதற்கில்லை. பிடுங்கும்போது பட்ட காயத்தின் வழியே காற்று புகுந்ததும், உள்ளே நாளங்களில் கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் கிழங்கு சமையலுக்கு உதவாது. ஆலைக்குப் போனாலும் மாவுச்சத்து குறைந்திருக்கும். கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ என்ற கணக்கில் அளந்து, ஒரு பாயிண்டுக்கு இன்ன விலை என்று, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரர் தீர்மானிக்கிறபடியால், மலைப்பாதையில் ஒரு லாரி வராமல் போன நாள் ஒவ்வொன்றும் விவசாயியின் கையிலிருந்து சில பாயிண்டுகளைப் பறித்துக்கொள்கிறது.

அந்த ஆலைகளின் வரலாறும் ஒரு தட்டுப்பாட்டிலிருந்து பிறந்ததுதான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோகவே, 1943ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவர், பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவின் துணையோடு, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். குடிசைத் தொழிலாகத் தொடங்கிய அது சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கமெல்லாம் பரவி, 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமாகவும் உருவெடுத்து, கல்வராயன் மலைச்சரிவின் பயிர் முறையையே மாற்றிவிட்டது.

மலையின் மேற்கு அடிவாரத்தையொட்டி, ஏத்தாப்பூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதே கிழங்குக்காகவே பெரும் பிரயாசை எடுத்துக்கொண்டது. இந்த ஆராய்ச்சிகளிலிருந்து தெரிந்தவை பல, செலவே இல்லாதவை. பிடுங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் செடியின் தலையை வெட்டிவிட்டால் கிழங்கு கருப்பது தாமதப்படும். கழுத்துப் பகுதியைச் சிறிது விட்டு, காயம் படாமல் எடுத்தால் மேலும் தாங்கும். வண்டி வரும் வரையில் நிழலில் குழி எடுத்து ஈர மணலிலோ மரத்தூளிலோ மூடி வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால், கையால் சுற்றும் சிறு இயந்திரத்தில் வில்லைகளாகச் சீவி வெயிலில் காயவைத்தால், மூன்று நாள் தவணை பல மாதத் தவணையாகிவிடுகிறது. கேரளத்துக் குடும்பங்கள் கிழங்கை அரைவேக்காடாக அவித்து உலர்த்தி மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்வது பழைய வழக்கம். நம் பக்கத்தில் கிழங்கு என்றால் ஆலை, ஆலை இல்லாவிட்டால் நஷ்டம் என்ற ஒற்றை வழியே ஊறிப்போய்விட்டது.

நெல்லின் கதையில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகம் வெளிவந்தபோது, திருச்சி வானொலி நிலையம் அதைப் பற்றி இடைவிடாது பிரசாரம் செய்ய, தஞ்சை ஜில்லாவின் விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். விவசாயப் பிரசாரம் இதைவிடப் பூரணமாக வெற்றி பெற்ற சந்தர்ப்பம் நம் நாட்டில் அபூர்வம். ஆனால் குறுவை நெல் அறுவடைக்கு வருவது மழை தொடங்கும் காலத்தில். முன்பு ஓரளவே வந்த ஈர நெல், இப்போது மலைமலையாகக் குவிந்தது. குவியலில் ஈர நெல் மூச்சுவிடும், சூடேறும், முளைவிடும், அரிசி மஞ்சளாகும். விதையைப் பற்றிச் சொன்ன வானொலிக்கு, உலர்த்துவதைப் பற்றிச் சொல்ல அன்று கையில் விஷயமே இல்லை. அந்த அவசரத்திலிருந்துதான் 1967இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. ஈர நெல்லோடு உப்பும் உமியும் கலந்து முளைவிடாமல் தடுப்பது, உமியையே எரித்து ஓடும் உலர்த்தி, நாட்கணக்கில் ஊறவைத்து நாற்றமெடுக்கும் பழைய முறைக்குப் பதிலாக நல்ல புழுங்கல் முறை என்று அங்கே பரிசோதனைகள் நடந்தன. பின்னர் தஞ்சாவூருக்குப் பெயர்ந்து, பல பெயர் மாற்றங்களுக்கு உட்பட்டு, 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக விளங்குவது அதுவே. பெயர் நீண்டுகொண்டே போவதில் எனக்கு உற்சாகமில்லை. வேலை நீண்டால் சரி.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஈரம்தான் கள்ளக்குறிச்சி விவசாயியின் தலைவலி. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழுக்குள் இருக்க வேண்டும். அறுக்கும்போது அது இருபதுக்கு மேல், சில சமயம் இருபத்தைந்தாகக்கூட இருக்கும். வீட்டில் நீண்ட நாள் வைக்கப் பதினான்குக்கு வர வேண்டும். ஆள் வைத்து அறுத்த காலத்தில் அரி அரியாக வயலில் கிடந்து, கட்டாகக் களத்துக்கு வந்து, போரடித்துத் தூற்றுவதற்குள் நெல் தானாகவே பாதி காய்ந்துவிடும். இப்போது அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் ஒரு வயலையே விழுங்கி நெல்லாகக் கொட்டிவிடுகிறது. அறுவடையின் வேகம் பன்மடங்காயிற்று. உலர்களத்தின் பரப்பு அப்படியே இருந்தது. எனவேதான் நெடுஞ்சாலையின் ஒரு பாதி களமாகிறது. நெல்லும் மக்காச்சோளமும் தார் ரோட்டில் காய்கின்றன. இரவில் வரும் வாகனக்காரர் தானியத்தைச் சுற்றி அடுக்கிய கல் வரிசையில் மோதுகிறார். நெல்லில் கல்லும் தாரும் சேருகின்றன. கடும் வெயிலில் ரோட்டில் காய்ந்த நெல், மேலே காய்ந்து உள்ளே வெடித்து, ஆலையில் நொய்யாக உடைவது இன்னொரு நஷ்டம். அந்த நஷ்டத்தை மட்டும் ஆலைக்காரர் கண்டுபிடித்து விலையில் கழித்துவிடுகிறார்.

மக்காச்சோளத்தில் ஈரத்தின் விளைவு வெறும் பண நஷ்டத்தோடு நிற்பதில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்து, பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். 1974இல் ராஜஸ்தானம், குஜராத் எல்லைப்புறக் கிராமங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றி உண்ட ஏழை மக்களில் நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். நம் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குத்தானே போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. கோழிக்குப் போவது சுற்றி வந்து நம்மிடமே சேரும்.

ஈரமானி வாங்க வசதியில்லாதவருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. நன்றாக உலர்ந்த ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளத்தையும் ஒரு சிட்டிகை உலர்ந்த உப்பையும் போட்டு மூடிக் குலுக்கி, சிறிது நேரம் அசையாமல் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரப்பதம் பதினைந்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் விழுந்தால் மூட்டை கட்டலாம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல கிராமங்களில் கற்றுத்தரப்பட்ட இந்தச் சோதனைக்கு நம் பயிற்சிக் கூட்டங்களில் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

மலையின் மேலே ஏறினால், காலமும் தவணையும் வேறு. ஏறத்தாழ 2700 அடி உயரமுள்ள சின்னக் கல்வராயனிலும் 4000 அடி வரை உயர்ந்த பெரிய கல்வராயனிலும் விளைந்த சாமை, உமியோடு இருக்கும்வரை பல ஆண்டு கெடுவதில்லை, கேழ்வரகும் அப்படியே. மண்ணால் வனைந்த குதிரிலும் மூங்கில் தொம்பையிலும் சாணம் பூசி, நொச்சி இலை, வேப்பிலை போட்டு வைத்தால் பஞ்ச காலத்துக்கும் உதவும். ஆனால் குத்தித் தீட்டிய சாமை அரிசியில் தவிட்டின் எண்ணெய் சில வாரங்களிலேயே சிக்கு வாடை எடுக்கத் தொடங்கும். ஆகவே நெல்லைப்போல் மொத்தமாக ஆலையில் அரைத்து வைத்துக்கொள்ள இயலாது. வேண்டும்போது வேண்டிய அளவு குத்த வேண்டும். உரலும் உலக்கையும் பிடித்த அந்த வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து செய்த பணியில் வெளிப்பட்ட உண்மை இதுவே: சிறுதானியப் பயிர் சுருங்கியதற்கு மரவள்ளி தந்த ரொக்கமும் ரேஷன் அரிசியும் மட்டும் காரணமல்ல, குத்திப் புடைக்கும் சிரமத்தைச் சகிக்கப் பெண்கள் இனித் தயாராக இல்லை என்பதும் காரணம். கிராமத்திலேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்களை வைத்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்து, அவர்கள் உபயோகிக்கும்படி பயிற்சி அளித்த இடங்களில் சாமை மீண்டும் அடுப்புக்கு வந்தது. பயிரைக் காக்க வேண்டுமானால் விதை கொடுத்தால் போதாது, உரலுக்கு மாற்று கொடுக்க வேண்டும்.

கல்வராயனிலும் இதுவே செய்யத்தக்கது என்பது என் அபிப்பிராயம். இயந்திரம் அடிவாரத்தில் இருந்தால் மலைக்காரர் சாமையை மூட்டையாக விற்றுவிட்டு, அதே சாமையை அரிசியாகப் பல மடங்கு விலைக்கு வாங்க நேரிடும். 2023ஆம் ஆண்டை உலகம் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பட்டணத்துக் கடைகளில் சாமையின் விலை ஏறிற்று. ஏறிய விலையில் எவ்வளவு மலைக்கு ஏறிற்று என்று எவரேனும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும்.

குதிரில் இருப்பதைத் தின்னும் பூச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உளுந்திலும் தட்டைப்பயற்றிலும் வண்டு வீட்டில் வந்து சேருவதல்ல. கொல்லையிலேயே காயின்மேல் முட்டையிட்டு மூட்டையோடு கூடவே வருகிறது. புழு பயற்றின் உள்ளே இருந்து தின்று, துளையிட்டு வண்டாக வெளிவரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அதற்குள் அது பல மடங்காகிவிட்டிருக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் அறிஞர் எஸ். மோகன் உருவாக்கிய பொறி ஒன்று இதற்கு அழகான விடை. துளைகள் நிறைந்த ஒரு குழாய், அடியில் ஒரு கூம்பு, அதன் கீழே ஒரு சிறு புட்டி; தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றோட்டமுள்ள இடத்தைத் தேடித் திரியும் பூச்சிகள் துளை வழியே நுழைந்து கீழே விழுந்துவிடுகின்றன. மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. புட்டியில் இரண்டு வண்டு கண்டவுடனே தானியத்தை வெயிலில் போட்டுப் புடைத்தால் போதும். நம் பாட்டிமார் செம்மண் பூசியும் எண்ணெய் தடவியும் பருப்பைக் காத்ததும் அறிவுதான். எப்போது காக்க வேண்டும் என்று இந்தக் குழாய் சொல்கிறது.

இவ்வளவும் இருந்தும் குறை எங்கே என்றால், பயிற்சி நடக்கும் இடத்திலும் காலத்திலும் அழைக்கப்படும் ஆட்களிலும்தான். கூட்டம் தாலுகா தலைநகரில் நடக்கிறது. பட்டாதாரர் என்ற முறையில் ஆண்கள் வந்து கையெழுத்திட்டு, தேநீர் அருந்திப் போகிறார்கள். தானியத்தைக் காய வைப்பதும், புடைப்பதும், குதிரைத் திறந்து மூடுவதும், வாடை மாறினால் முதலில் உணர்வதும் பெண்கள். அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். மலைவாசிக்கோ அந்தத் தலைநகருக்கு வந்து போகவே ஒரு நாள் கூலி நஷ்டம். நாட்டின் கவனமும் அந்த மலைக்கு எளிதில் ஏறுவதில்லை: 2024ஆம் ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகே கல்வராயன் என்ற பெயர் பத்திரிகைகளில் தினந்தோறும் அடிபட்டது. சென்னை உயர்நீதிமன்றமும் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மலைக்குச் சாலை வேண்டும் என்பது மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் மட்டுமல்ல, அழுகும் கிழங்குக்கும் அவசியமான கோரிக்கை.

சமவெளி விவசாயிகளுக்கு வேறொரு வசதி இருக்கிறது. அதைப் பலர் உபயோகிப்பதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் விளைபொருளை வைத்து, அதன் மதிப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து வரை பொருளீட்டுக் கடன் பெற்று, 180 நாள் வரை நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். அறுவடை வாரத்திலேயே விற்றாக வேண்டிய நிர்ப்பந்தம்தான் ஈர தானியத்தைச் சந்தைக்குத் துரத்துகிறது என்பதால், இந்தக் கடனும் ஒருவகையில் உலர்த்தும் சாதனமே.

இதைப் படிக்கும் கிராமவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கும் குடிநீரும் கேட்கும்போதே, ஊருக்கு ஒரு சிமெண்டு உலர்களமும், பொதுவில் ஓர் ஈரமானியும், மலையூராக இருந்தால் சாமை உமி நீக்கும் இயந்திரம் ஒன்றும், அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாக உங்கள் ஊரிலேயே பெண்களுக்கு ஒரு பயிற்சியும் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைக் கையெழுத்துப் போடுமுன் உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.